அம்மா உப்புப் பார்த்த நாள்

என் அம்மாவுக்குச் சமைக்கத் தெரியாது என்று ஒரு பிரெஞ்சு மதாம் சொல்லிவிட்டார் என்ற செய்தி, ஒருநாள் பின்னேரம் எங்கள் கட்டடத்தின் எல்லா மாடிகளையும் ஏறி இறங்கியது. மதாம் அப்படிச் சொல்லவேயில்லை. ஆனால் நம்முடைய ஆட்களின் வாயில் ஒரு கதை விழுந்தால், அது விழுந்தபடியேவா வெளியே வரும்?

நம் வயசுக்காரருக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. பாரிஸ் லாச்சப்பலில் மெத்ரோ ரயில் மேலே பாலத்தில் ஓடும்போது வீட்டு அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுக்குமே, அந்தக் காலம். இன்றைக்கு நாம் சந்தித்தால் முட்டு வலி, பிள்ளைகளின் கலியாணம், எந்த ஆஸ்பத்திரியில் நல்ல டொக்டர் என்றுதான் பேசுகிறோம். பேசுவோம், அதில் குறையில்லை. ஆனால் நாம் சின்னனாக இருந்தபோது நம் அம்மாமாரும் இந்த ஊரில் பள்ளிக்கூடம் போனார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? நான் சொல்கிறேன், கேளுங்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. ஒரே அறை; அதற்குள் அப்பா, அம்மா, நான். அப்பா கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவினார். நடுச்சாமம் கழிய வந்து மரக்கட்டை மாதிரிப் படுப்பார். அம்மா விடிய முன்னமே எழும்பி, அலுவலகங்கள் துடைக்கப் போய்விடுவார். நாம் எல்லாரும் மெனாஜ் என்று சொன்னோமே, அந்த வேலைதான். ஆகவே காலையில் என்னை எழுப்புவது ஒரு மணிக்கூடு. அது அடிக்கத் தொடங்கியதுமே அமத்திவிடுவேன்; அப்பா எழும்பிவிடக் கூடாது. இருட்டுக்குள் உடுப்பைத் தேடிப் போட்டு, பாணில் ஜாம் பூசித் தின்றுவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போவேன். தலையை அம்மா முதல்நாள் இரவே இறுக்கிப் பின்னி விட்டிருப்பார். படுத்து உருண்டு எழும்பும்போது அது பிசிறிப்போய்க் கிடக்கும். "நீ நேற்றைய தலையோடு வருகிறாய்" என்று வகுப்பில் ஒருத்தி சொன்னாள். உண்மைதானே, நேற்றைய தலைதான்.

அந்தக் குளிர்காலத்தில்தான் பாரிசுக்கு வெளியே லா கூர்னெவில் ஒரு சங்கம், பழைய பண்டகசாலை ஒன்றைக் குசினியாக்கி, சமையல் பயிற்சி தொடங்கியது. பயிற்சிக்குப் பிரெஞ்சில் சொல்லும் போர்மசியோன் என்ற சொல் எங்கள் அறைக்குள் வந்தது அப்போதுதான். முற்பகலில் சமையல். பிற்பகலில் வியாபாரம்: கடை நடத்துவது, சாப்பாட்டுப் பட்டியல் போடுவது, வருகிறவர்களோடு பேசுவது. முடிவில் ஒரு சோதனை. பொபினியில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறைக்கு ஆள் தேவை என்றும், பாஸ் பண்ணினால் அம்மாவை எடுப்பார்கள் என்றும் சொன்னார்கள். வேலை காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும். அம்மா இதையெல்லாம் அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது என் காதில் விழுந்தது அந்த ஒன்பது மணி மட்டும்தான். ஒன்பது மணி என்றால், நான் எழும்பும்போது அம்மா வீட்டில் இருப்பார். அதற்குப் பிறகு அந்தச் சோதனை எனக்கும் சோதனைதான்.

"உதெல்லாம் சும்மா கண்துடைப்பு" என்றார் அப்பா. "படிப்பிச்சுப்போட்டு வீட்டை போ எண்டு விடுவாங்கள்."

"விட்டால் விடட்டும். நான் போய்ப் பாக்கிறன்" என்றார் அம்மா.

விடியற்காலையில் மெனாஜ், அங்கிருந்து நேரே ரயிலேறி லா கூர்னெவ். கையில் பயிற்சியில் கொடுத்த கத்திப் பை. தடித்த கறுப்புத் துணியில் தைத்த பை அது. சுருட்டிக் கட்டினால் உள்ளே பெரிதும் சின்னதுமாகக் கத்திகள். கார் து நோரில் ஒருநாள் பொலிஸ் மறித்து, அதை விரிக்கச் சொல்லியிருக்கிறது. விரித்ததும் பொலிஸ்காரர் ஓரடி பின்னால் போனாராம். அம்மாவுக்கு வந்த பிரெஞ்சு அவ்வளவும் ஓடிப்போய், "வெங்காயம், வெங்காயம்" என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வெங்காயத்தைச் சொல்லியே தப்பி வந்தார். அந்தப் பை எந்த வீடு மாறும்போது துலைந்ததோ தெரியாது. இருந்தால் சட்டம் போட்டு மாட்டியிருப்பேன்.

சமையல் சொல்லிக் கொடுத்தவரை நாங்கள் வீட்டில் குசினி மதாம் என்போம். அம்மாவின் வயதுதான். சட்டைக் கையை எப்போதும் முழங்கைக்கு மேல் மடித்து விட்டிருப்பார். ஆள் சின்னன், குரல் பெரிது. அவருக்கு ஒரே மந்திரம்: "ருசி பாருங்கள்!" சூப்புக் கொதித்தால் ருசி பாருங்கள். சாற்றில் வெண்ணெய் போட்டால் ருசி பாருங்கள். ஆளுக்கொரு கரண்டி சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

இங்கேதான் பிடித்தது வில்லங்கம். என் அம்மா சமைக்கும்போது ருசி பார்க்க மாட்டார். பார்த்ததேயில்லை. மணந்து பார்ப்பார், நிறம் பார்ப்பார், சட்டிக்குள் கொதிக்கிற சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்பார். வாயில் மட்டும் வைக்க மாட்டார். சமைத்து முடித்ததும் முதல் பிடி சாமி படத்துக்கு முன்னால். சனிக்கிழமை என்றால் காகத்துக்கு. பாரிசில் காகத்துக்கு எங்கே போவது? யன்னல் கட்டில் வைத்த சோற்றுக்குப் புறா வந்தது. புறாவுக்குப் பின்னால் கட்டடக் காவல்காரி வந்து சத்தம் போட்டார். அதற்கும் அம்மா அசையவில்லை. சாமிக்கும் முதல், சாப்பிடுகிறவருக்கும் முதல், சமைக்கிறவள் வாய் வைத்தால் அது எச்சில். அவ்வளவுதான் சட்டம். உப்பு ஒருநாளும் பிழைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆர்ஜொந்தெயிலிருந்து சொந்தக்காரர் ரயிலேறி வந்து, கறிச் சட்டியை வழித்துவிட்டுத்தான் போவார்கள்.

பிற்பகல் பாடத்திலும் சிக்கல். வியாபாரம் சொல்லிக் கொடுத்தது கழுத்துப்பட்டி கட்டிய ஒரு இளைஞர். அம்மா அவரைத் தம்பி என்றுதான் வீட்டில் சொல்லுவார். தம்பி வாடிக்கையாளராக நடிப்பார், அம்மா கடைக்காரி. "இன்றைக்கு என்ன நல்லாயிருக்கிறது, மதாம்?" என்று தம்பி கேட்பார். "பெரிதாக ஒன்றுமில்லை, இருந்ததை வைத்து ஏதோ செய்தேன்" என்பார் அம்மா. தம்பி தலையில் கை வைப்பார். "அப்படிச் சொன்னால் யார் வாங்குவார்கள்? நல்லாயிருக்கிறது என்று சொல்லுங்கள்!"

"என்ர சமையலை நானே நல்லாயிருக்கு எண்டு சொல்லுறதோ? வெக்கமில்லையோ?" என்று அம்மா வீட்டுக்கு வந்து கேட்டார். நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. பதினெட்டுக் கறி வைத்துவிட்டும் "ஒண்டுமில்லை, சும்மா சாப்பிடுங்கோ" என்று சொல்லுகிற ஆட்கள்தானே நாம்.

பக்கத்து அறையில் ஒரு அன்ரி இருந்தார். எந்தச் சிக்கலுக்கும் குறுக்கு வழி வைத்திருப்பவர். "அக்கா, இதுக்குப் போய் யோசிக்கிறியளே? கரண்டியை வாய்க்குக் கிட்டக் கொண்டு போங்கோ. கண்ணை மூடி 'ம்ம்' எண்டு தலையை ஆட்டுங்கோ. அவவுக்கு என்ன விளங்கப் போகுது?"

அன்று பின்னேரம் முழுக்க அம்மா கண்ணாடிக்கு முன்னால் வெறும் கரண்டியோடு நின்று 'ம்ம்' பழகினார். நானும் அன்ரியும் கட்டிலில் விழுந்து சிரித்தோம். அம்மாவுக்கே சிரிப்பு வந்து, கரண்டி கீழே விழுந்தது. எங்கள் வீட்டில் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

சோதனைக்கு முன்னால் ஒரு ஒத்திகை வைத்தார்கள். அம்மாவுக்கு வெங்காய சூப்பு. அன்றைக்குக் குசினியில் காய்ச்சி வைத்த சாறு இல்லை. கடையில் வாங்கிய பெட்டிச் சாறு. அதற்குள் கொம்பனிக்காரன் ஏற்கெனவே உப்புப் போட்டிருந்தான். மணத்தில் உப்புத் தெரியுமா? சத்தத்தில்தான் தெரியுமா? அம்மா தன் கைக்கணக்கில் போட்டார். கரண்டியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் 'ம்ம்' என்று தலையையும் ஆட்டினார். மதாம் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். வந்தார். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். அடுத்த நிமிஷம் முழுச் சட்டியையும் தூக்கித் தொட்டிக்குள் கவிழ்த்துவிட்டார். "நீ ருசி பார்க்கவில்லை" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

அம்மா அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தார். கட்டடம் கொதித்தது. "சாப்பாட்டைக் கொட்டினவளோ? அவளுக்கு எங்கட ஆக்களைக் கண்ணிலயும் காட்டேலாது" என்றார் அப்பா. "என்ன விசர்க் கதை! அக்கான்ர சமையலுக்கு ஆர்ஜொந்தெயில இருந்தெல்லோ ஆக்கள் வருகினம்" என்றார் அன்ரி. நான் மனதுக்குள் அந்த மதாமுக்கு எனக்குத் தெரிந்த கெட்ட சொல் எல்லாவற்றையும் சொன்னேன். எல்லாமே பிரெஞ்சுச் சொற்கள், பள்ளிக்கூடத்தில் படித்தவை.

இப்போது நானும் ஊருக்குச் சமைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவள். போன வருடம் என்னிடம் வேலை செய்கிற பெண் ஒரு சட்டி பருப்பைக் கெடுத்துவிட்டாள். மற்றவர்கள் கரண்டியோடு கிட்ட வருவதைக் கண்டதும், என்னையறியாமலே அதைத் தூக்கிக் கொட்டினேன். கொட்டிய கையோடுதான் எனக்கு விளங்கியது. அன்றைக்கு ஒத்திகையில் அம்மாவைச் சுற்றிப் பயிற்சிக்காரர் எல்லாரும் கரண்டியும் கையுமாக நின்றிருக்கிறார்கள். அந்த உப்புக் கரிப்பு மதாமின் நாக்கோடு நின்றுபோயிற்று. வேறு ஒருவரும் வாயில் வைத்து முகம் சுளித்துச் சிரிக்க அவர் விடவில்லை. நாங்கள் அதை அவமானம் என்று நினைத்துக்கொண்டு இத்தனை காலம் இருந்துவிட்டோம்.

அடுத்த புதன்கிழமை மகளைக் கூட்டி வரச் சொல்லி மதாம் அம்மாவிடம் சொல்லியனுப்பினார். அப்போது இங்கே புதனில் நமக்குப் பள்ளிக்கூடம் இல்லைத்தானே. போனேன். குசினியில் வெண்ணெயும் பிளீச்சும் கலந்த ஒரு மணம். ஆள் உயரப் பானைகள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, மதாம் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"உன் அம்மா ஏன் ருசி பார்ப்பதில்லை? கேட்டுச் சொல்."

கேட்கத் தேவையில்லை, எனக்கே தெரியும். ஆனால் எச்சில் என்பதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? வாய்த் தண்ணீர் என்றேன். "கரண்டியைக் கழுவலாமே" என்றார் மதாம். கழுவினாலும் போகாது என்றேன். "ஏன் போகாது?" அதற்கு நான் எங்கே போவேன்! அம்மாவைப் பார்த்தேன்.

"சொல்லு பிள்ளை" என்றார் அம்மா. "சாப்பிட வாற ஆக்களுக்கு முதல் நான் வாய் வைக்கிறது மரியாதை இல்லை. அவை சாப்பிட்டாப் பிறகுதான் நான்."

சொன்னேன். மதாம் கையைத் துணியில் துடைத்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு இருந்தார். முதன்முதலாகச் சத்தம் போடாமல் பேசினார். "நானும் மரியாதையைத்தான் சொல்கிறேன். என்னிடம் சாப்பிட வந்தவரின் வாய்க்குள் என்ன போகிறது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் அனுப்பினால், என்னைப் பொறுத்தவரை அதுதான் அவமரியாதை."

நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். "அதுவும் சரிதான்" என்றார் அம்மா.

"எப்படிச் செய்வாள் என்பது அவள் பாடு" என்றார் மதாம். "ஆனால் அவளுடைய நாக்குக்குத் தெரிய வேண்டும். சோதனையில் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ருசி பார்க்காதவளை அவர்கள் பாஸ் பண்ண மாட்டார்கள். நானும் போய்க் கெஞ்ச மாட்டேன்."

திரும்பி வரும்போது ரயிலில் அம்மா யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, ஒருக்கா வாயில வைச்சால் என்ன?"

"உனக்கு விளங்காது."

"எனக்கு நீங்கள் காலமை வீட்டில நிக்கோணும்."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். "நீ மணிக்கூட்டுக்கு எழும்பிறனிதானே?"

"ஓம், எழும்பிறன்."

"பிறகென்ன?"

"ஒண்டுமில்லை" என்றேன். கார் து நோர் வரும்வரை அம்மா என் கையை விடவில்லை.

சோதனை நாளில் குடும்பத்தாருக்கும் அழைப்பு. சமைத்ததைச் சாப்பிட ஆட்கள் வேண்டுமே! கூடத்தில் மேசைகள், வெள்ளை விரிப்புகள். கூடத்துக்கும் குசினிக்கும் நடுவில் பெரிய கண்ணாடி. அப்பா இரவல் கோட்டுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்றேன். பரிசோதகர் மூன்று பேரும் குசினிக்குள் நடந்து திரிந்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் ஓயாமல் ருசி பார்த்தார்கள். பச்சை வெங்காயத்தைக்கூட ஒருவர் ருசி பார்த்தார், பாவம், பயத்தில்.

அம்மாவுக்கு லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்ட சூப்பு. வெட்டினார், வதக்கினார், கொதிக்க விட்டார். மணந்து பார்த்தார். காதைச் சரித்துக் கேட்டார். பரிசோதகர்களில் மீசைக்காரர் ஒருவர் கிட்ட வந்து நின்றார். அம்மா உப்பைப் போட்டார். மீசைக்காரர் போகவில்லை. "வாயில வையுமப்பா" என்று அப்பா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று முணுமுணுத்தார். எனக்கு அழுகை வரப் பார்த்தது.

அம்மா தன் துணிப்பைக்குள் கையை விட்டு, ஒரு சில்வர் பேணியை எடுத்தார். எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கிற பேணி. கரண்டியால் கொஞ்சம் சூப்பை அதற்குள் விட்டார். பேணியின் அடியைக் குளிர்ந்த தண்ணீரில் பிடித்து ஆற்றினார், வாயால் ஊதவில்லை. அடுப்பை விட்டு விலகி, சட்டிக்கு முதுகைக் காட்டி நின்றார். தலையை அண்ணாந்து, பேணியை உயரத் தூக்கி, உதட்டில் படாமல் வாய்க்குள் ஊற்றினார்.

குசினி முழுக்க நின்றுவிட்டது. வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண் ஒரு துளி சிந்தாமல் அண்ணாந்து சூப்புக் குடிக்கிறாள். மீசைக்காரரின் தலையும் அம்மாவோடு சேர்ந்து தானாக மேலே போனது. நமக்கென்ன, ஊரில் செம்பில் தண்ணீர் குடித்த வாய்!

அம்மா விழுங்கினார். கண்ணை மூடி நின்றார். கையைக் கழுவிவிட்டு வந்து, இரண்டு விரலால் ஒரு சிட்டிகை உப்புப் போட்டார். கலக்கினார். திரும்பவும் பேணி, திரும்பவும் அண்ணாந்து. இந்த முறை கண்ணை மூடவில்லை. நேரே கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அப்பாவின் கை என் தோளை நெரித்தது.

பிறகு பரிமாறல். வியாபாரத் தம்பி ஒரு மூலையில் நின்று கழுத்துப்பட்டியைத் திருகிக்கொண்டிருந்தார். அம்மா கோப்பையை வைத்ததும் மீசைக்காரர் கேட்டார்: "எப்படியிருக்கிறது, மதாம்?"

பெரிதாக ஒன்றுமில்லை என்று சொல்லிவிடப் போகிறாரே!

"நல்லாயிருக்கிறது" என்றார் அம்மா, தெளிவான பிரெஞ்சில். "நான் குடித்துப் பார்த்தேன்."

மீசைக்காரர் குடித்தார். ஓம் என்று தலையசைத்தார். கோப்பை பாதி இறங்க முன்னமே, பழக்கம் விடுமா, அம்மா கரண்டியோடு போய்க் கேட்காமலே இன்னும் ஊற்றிவிட்டார். அவர் வேண்டாம் என்று கையைக் காட்ட, அம்மா அதற்கு மேலேயும் ஒரு கரண்டி விட்டார். தம்பி உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும்.

பாஸ். பெயரை வாசித்ததும் அப்பா "மெர்சி, மெர்சி" என்று எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கை கொடுத்தார். சாப்பிட வந்த ஒரு தாத்தாவுக்குக்கூட. கண்துடைப்பு என்று சொன்ன வாயை அவர் பிறகு அந்தப் பக்கமே திறக்கவில்லை. மதாம் கட்டிப்பிடிக்கவில்லை, வாழ்த்தவில்லை. அம்மாவிடம் வந்து, "உப்புச் சரி" என்றார். அவ்வளவுதான். என் அம்மா இன்றைக்கும் வீட்டில் சமைத்தால் ருசி பார்ப்பதில்லை. வேலைத்தலத்தில் மட்டும் ஓய்வு பெறும்வரை அந்தப் பேணிதான். இரண்டு பக்கத்து மரியாதையையும் காப்பாற்ற அவருக்கு ஒரு வழி இருந்தது. அதைத் தேடிப் பிடிக்கும்வரை விடாமல் சத்தம் போட ஒரு மதாமும் இருந்தார். பத்து வயதில் அவரிடம் நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன்: நீங்கள் எங்கே இருந்தாலும் நல்லாயிருக்க வேண்டும், மதாம்.

பொபினி வேலை அடுத்த கிழமை தொடங்க இருந்தது. மெனாஜை அம்மா விட்டுவிட்டார்; அதற்கு மறுநாள்தான் அம்மா வீட்டில் நின்ற முதல் காலை.

அன்றைக்கு மணிக்கூடு வைக்காமலே நான் முழித்துவிட்டேன். ஆனால் எழும்பவில்லை. அம்மா வந்து எழுப்பட்டும் என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடந்தேன். கேத்தல் கொதித்தது. அம்மாவின் கால் சத்தம் கிட்ட வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் திரும்பிப் போனது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வந்தார். கட்டில் ஓரம் அமிழ்ந்தது, பக்கத்தில் இருக்கிறார். இப்போது கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. பிள்ளை அசந்து தூங்குகிறாள், இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அவருக்காகக் கிடக்க, அவர் எனக்காக இருக்க, யன்னலில் வெளிச்சம் ஏறிவிட்டது.

"என்ன, இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ?" என்று அப்பாதான் போர்வைக்குள்ளிருந்து கத்தினார்.

நான் துள்ளி எழும்பினேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார். அதில் தூக்கமே இல்லை. "நீ எப்ப முழிச்சனி?"

"நீங்கள் எழும்பேக்கையே."

அம்மா சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு இரண்டு பேருமாகக் கைபிடித்துக்கொண்டு தெருவில் ஓடினோம்.

பள்ளிக்கூட வாசல் பூட்டியிருந்தது. மணியடித்துத்தான் உள்ளே போனேன். ஏன் பிந்தி வந்தாய் என்று ஆசிரியை கேட்டார்.

"அம்மா வீட்டில் இருந்தார்" என்றேன்.

"அது ஒரு காரணமா?" என்றார்.

"ஓம், மதாம்" என்று சொல்லிவிட்டு என் இடத்தில் போய் இருந்தேன்.